ஸ்டில்வாட்டரா, மாரத்தானா: பல்லேடியம் எங்கே கட்டுப்படியாகும்?

ஓரிடத்தில் ஒரு டன் பாறைக்குள் விலையுயர்ந்த உலோகங்களான பல்லேடியமும் பிளாட்டினமும் சேர்ந்து 10 கிராமுக்கு மேல் கிடைக்கின்றன. இன்னோரிடத்தில் பல்லேடியம் 0.6 கிராம்தான். எதில் பணம் போடலாம் என்று கேட்டால் முதலாவதைத்தான் பலரும் கைகாட்டுவார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

முதலாவது அமெரிக்காவின் மொன்டானாவில் உள்ள ஸ்டில்வாட்டர், 1980களிலிருந்து ஓடும் நிலத்தடிச் சுரங்கம். இரண்டாவது மாரத்தான். கனடாவின் சுப்பீரியர் ஏரிக்கு வடக்கே, ஜெனரேஷன் மைனிங் நிறுவனம் கையில் வைத்திருக்கும் திறந்தவெளிச் சுரங்கத் திட்டம்.

பல்லேடியம் அவுன்ஸ் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 2024இல் ஏறக்குறைய அந்த விலைதான், பிளாட்டினமும் அதை ஒட்டியே இருந்தது. ஓர் அவுன்ஸ் 31.1 கிராம், ஆக கிராமுக்கு 32 டாலர். ஸ்டில்வாட்டரில் டன்னுக்கு 12 கிராம் என்று எடுத்தால் பாறைக்குள் 384 டாலர் இருக்கிறது. மாரத்தானில் வெறும் 19 டாலர்.

சரி, அதை வெளியே எடுக்க என்ன ஆகும்? ஸ்டில்வாட்டரின் தாது அடுக்கு ஒன்றிரண்டு மீட்டர் கனம்தான், அதுவும் செங்குத்தாகச் சாய்ந்து கிடக்கிறது. பெரிய இயந்திரங்களை இறக்கி அள்ள முடியாது. அனுபவமுள்ள ஆட்கள் மலைக்குள் போய்க் குடைய வேண்டும், அவர்கள் கூலிதான் பெரிய செலவு. 2024இல் அங்கே ஓர் அவுன்ஸ் எடுக்க 1,300 டாலருக்கு மேல் ஆனது. அதே ஆண்டு செப்டம்பரில், உரிமையாளரான சிபானி-ஸ்டில்வாட்டர் நிறுவனம் மேற்குப் பகுதியை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போனது. உலகிலேயே தரம் உயர்ந்த பல்லேடியத் தாதுக்களில் ஒன்றை வைத்துக்கொண்டு இந்த நிலைமை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்த செய்தி.

மாரத்தானில் திறந்தவெளியிலேயே பெரிய இயந்திரங்களால் அள்ளலாம். கூடவே அதற்குக் கைகொடுப்பது செம்பு. தாதுவில் அது 0.2 சதவீதம், அதாவது டன்னுக்கு 2 கிலோ. கிலோ 9 டாலர் என்றால் 18 டாலர், கிட்டத்தட்ட பல்லேடியத்துக்குச் சமம்! பல்லேடியம் சரிந்தால் செம்பு தாங்கும் என்பது ஸ்டில்வாட்டருக்கு இல்லாத பாதுகாப்பு. ரஷ்யாவின் நொரில்ஸ்க் சுரங்க நிறுவனம் இதைவிடப் பலசாலி. அங்கே நிக்கலும் செம்பும் தோண்டும்போது பல்லேடியம் கூடவே வருகிறது, உலகச் சுரங்கங்களிலிருந்து வரும் பல்லேடியத்தில் சுமார் 40 சதவீதம் அதனுடையது. விலை விழுந்தாலும் அந்த வரத்து நிற்காது. புதிதாக வருகிற எந்தச் சுரங்கமும் இந்தப் போட்டியாளரைக் கணக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஆனாலும் மாரத்தானில் எனக்கு உறுத்தும் விஷயங்கள் இரண்டு. ஸ்டில்வாட்டரில் சுரங்கமும் உருக்காலையும் ஏற்கெனவே கட்டியாகிவிட்டன. மாரத்தான் தொடங்கவே சுமார் 100 கோடி கனடிய டாலர் வேண்டும், அடர்தாதுவை (பாறையை அரைத்துப் பிரித்த, உலோகம் செறிந்த தூளை) வெளி உருக்காலைக்கு அனுப்பிக் கட்டணமும் தர வேண்டும். அப்புறம், திட்டம் கட்டுப்படியாகுமா என்று ஆராய்ந்த 2023 சாத்தியக்கூறு அறிக்கை லாபம் காட்டியது பல்லேடியம் 1,800 டாலர் என்ற அனுமானத்தில். அந்த விலையில் டன்னுக்கு 35 டாலர் வருகிற பல்லேடியம், 1,000 டாலரில் 19 ஆகிவிடுகிறது. கார் புகைபோக்கியில் நச்சுப் புகையைக் குறைக்கும் வினையூக்கிகளுக்குத்தான் பல்லேடியத்தில் பெரும்பங்கு போகிறது, மின்சாரக் காருக்கு அது தேவையே இல்லை. 2022 மார்ச்சில் 3,000 டாலரைத் தாண்டிய விலை இரண்டே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கானதை மறக்கக் கூடாது.

புதிதாகப் பணம் போடுவதானால் நான் மாரத்தானையே எடுப்பேன், ஆனால் 1,000 டாலர் விலையிலும் கடனுக்கு வட்டி கட்ட முடிகிறது என்று அறிக்கை காட்டினால் மட்டும். ஸ்டில்வாட்டரை மூடித் தலைமுழுகவும் கூடாது. அதன் உருக்காலை பழைய வினையூக்கிகளையும் உருக்கி உலோகம் எடுக்கிறது. அந்த வருமானத்தில் காத்திருந்து, விலை 1,300ஐத் தாண்டும்போது மேற்குப் பகுதியைத் திறக்கலாம்.