ரோட்டரி கட்டர் என்று சொல்லி 11,500 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள், ஸ்டூடியோக்காரர்கள் கவனம்

கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 11,500 ரூபாய். 24 இஞ்ச் ரோட்டரி பேப்பர் கட்டர், அதாவது வட்ட பிளேடு ரெயிலில் ஓடித் தாளை வெட்டுகிற மெஷின், "புரொஃபஷனல் மாடல்". இப்போது அது என் கடை மூலையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது, நான் பழையபடி ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொண்டு பிளேடால் அரிந்துகொண்டிருக்கிறேன். நல்ல கட்டரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கடை பெயரைப் போடவில்லை. சென்னையில் ஸ்டூடியோ சாமான் விற்கிற கடை. லைட் ஸ்டாண்ட், பேக்டிராப், ஆல்பம் கவர், லேமினேஷன் ரோல் எல்லாம் வைத்திருப்பார்கள், தினமும் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்டாக் படம் போடுவார்கள். இதற்கு மேல் சொன்னால் வம்பு.

எனக்குக் கும்பகோணத்தில் சின்னக் கடை. பாஸ்போர்ட் சைஸ், மேக்ஸி பிரிண்ட் என்று அன்றாடம் ஓடுகிற வேலைக்குக் கைப்பிடியை இறக்கி வெட்டுகிற பழைய கத்தி கட்டரே போதும். ஆனால் கொஞ்ச நாளாக வேறு மாதிரி வேலை வருகிறது. வீட்டில் கரையான் அரித்துக் கிடக்கிற தாத்தா பாட்டி படங்களைக் கொண்டுவருகிறார்கள், ஸ்கேன் செய்து, கீறலை எல்லாம் சுத்தம் செய்து, 310 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 310 கிராம்) கனத்தில் பருத்திப் பேப்பரில் பிரிண்ட் போட்டு, சுற்றிலும் அரை இஞ்ச் வெள்ளை விட்டு 12க்கு 18 இஞ்ச்சாகக் கொடுக்க வேண்டும். 13க்கு 19 தாளில் எடுத்து நாலு பக்கமும் அரிய வேண்டிய வேலை. இந்த வெள்ளை பார்டர்தான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். முழுப் படம் விளிம்பு வரை போனால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வெட்டினாலும் யாருக்கும் தெரியாது, வெள்ளை விட்டால் ஒரு பக்கம் 12 மில்லி மறுபக்கம் 13 மில்லி என்றாலே கண்ணில் குத்தும். கத்தி கட்டரில் நீளமான வெட்டுப் போட்டால் கத்தி இறங்க இறங்கத் தாளைத் தன் பக்கம் இழுக்கும், கடைசியில் வெட்டு லேசாகக் கோணும். ரோட்டரியில் அந்தப் பிரச்சினை இல்லை, மேலே இருக்கிற பட்டி தாளை முழு நீளத்துக்கும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும், வட்ட பிளேடு ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் வெட்டும், அதனால் இழுக்காது. இதெல்லாம் தெரிந்துதான் போனேன்.

கவுண்டர் பையன் டிஸ்ப்ளேயில் இருந்த 18 இஞ்ச் மெஷினை எடுத்து வைத்தான். பார்த்தவுடனே பிடித்தது. மேடையின் விளிம்பில் தடிமனாக ஸ்டீல் பட்டை, அதை உரசியபடி பிளேடு ஓடுகிறது, பிளேடு பொருத்திய ஹெட்டைத் தள்ளினால் ஆட்டம் இல்லை. ஒரு தாளை வைத்துத் தள்ளினான், இரண்டு மில்லி அகலத்துக்கு நூல் மாதிரி ஒரு துண்டு சுருண்டு விழுந்தது. "பிளேடு தன்னைத்தானே தீட்டிக்கும்ணா, ஜெர்மன் டெக்னாலஜி" என்றான். 310 ஜிஎஸ்எம் பருத்தி வெட்டுமா என்று கேட்டேன். "அட்டையே வெட்டும்ணா, இது என்ன." எனக்கு 24 இஞ்ச் வேண்டும் என்றேன். "குடோன்ல இருக்கு, பார்சல்ல போட்டுர்றோம். அதே மெஷின்தான், நீளம் மட்டும்தான் கூட."

அதே மெஷின்தான். இந்த ஒரு வார்த்தைக்குத்தான் 11,500 ரூபாய்.

அதற்குள் முதலாளி வந்தார். எந்த ஊர் தம்பி என்றார், கும்பகோணம் என்றேன். முகமே மாறிவிட்டது மனுஷனுக்கு. "அட, எங்க குலதெய்வம் அந்தப் பக்கம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை உப்பிலியப்பன் கோயிலுக்கு வராம இருக்க மாட்டோம்." காபி வந்தது. நாச்சியார்கோவில் குத்துவிளக்கு எங்கே நல்லதாகக் கிடைக்கும் என்று விசாரித்தார், நானும் சொன்னேன். "நம்ம ஊர்க்காரப் பிள்ளை, ஐநூறு குறைச்சுப் போடுப்பா" என்று பையனிடம் சொன்னார், பன்னிரண்டாயிரம் பதினொன்றரை ஆனது. அங்கேயே நின்று ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்டேன். "பார்சலோட வரும் தம்பி, குடோன்லதான் பில் புக்கு." உப்பிலியப்பன் பேரைச் சொன்ன வாயால் சொன்னது இது.

பார்சலில் வந்தது பில் இல்லை, "எஸ்டிமேட்" என்று மேலே அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, கடை முத்திரை கிடையாது. சரி, மெஷினைப் பார்ப்போம் என்று பெட்டியைப் பிரித்தேன். அதே சாம்பல் நிற மேடை, அதே சிவப்புக் கைப்பிடி. ஸ்டீல் விளிம்பு மட்டும் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் மேடைக்குள் ஒரு பள்ளம், பள்ளத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பட்டை, அதன் மேல் பிளேடு உருளுகிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம். ரோட்டரி என்று இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்றில் வட்ட பிளேடு ஒரு ஸ்டீல் விளிம்பை ஸ்பிரிங் அழுத்தத்தோடு பக்கவாட்டில் உரசிக்கொண்டே ஓடும், கத்திரிக்கோலின் இரண்டு இலை மாதிரியே வேலை செய்யும், உரசுவதால்தான் தீட்டிக்கொள்ளும். ரோட்டாட்ரிம், டாலே மாதிரி கம்பெனிகளின் நல்ல மாடல்கள் இந்த வகை. இன்னொன்றில் கூரான பிளேடு ஒரு பிளாஸ்டிக் பட்டையின் மேல் அழுந்தி உருளும், பீட்சா வெட்டுகிற சக்கரம் தெரியுமே, அதுதான். இதில் எதுவும் எதையும் தீட்டாது, பிளேடு மழுங்கினால் மாற்ற வேண்டும், பட்டையில் தடம் விழுந்தால் அதையும் மாற்ற வேண்டும். இரண்டாவது வகை மோசம் என்று சொல்லவில்லை, குழந்தைகள் கைவேலைக்கும் கல்யாணப் பத்திரிகை அட்டைக்கும் தாராளமாகப் போதும், விலையும் அதற்குத் தகுந்த மாதிரி இருக்கும். முதல் வகையை ஓட்டிக் காட்டிவிட்டு இரண்டாவது வகையைப் பெட்டியில் வைத்து முதல் வகை விலையை வாங்குவதற்குத்தான் வேறு பேர் இருக்கிறது.

உடனே போன் செய்தேன். "அண்ணா, அது நியூ மாடல். பெரிய சைஸ்ல எல்லாம் அப்படித்தான் வரும், வெட்டிப் பாருங்க" என்றான் பையன். வெட்டிப் பார்த்தேன். முதலில் வேஸ்டாகக் கிடந்த லஸ்டர் (லேசான பளபளப்புள்ள) போட்டோ பேப்பரில், பெரிய குறை தெரியவில்லை. பருத்திப் பேப்பரில் விளிம்பு முழுக்கப் பஞ்சுப் பிசிறு, விரலால் தடவினால் கையோடு வருகிறது, மேலே இருக்கிற இங்க் பூச்சு ஒன்றிரண்டு இடத்தில் செதிலாக உதிர்ந்து கருப்புப் பகுதியில் வெள்ளைப் புள்ளி விழுந்திருக்கிறது. அழுத்திப் பிடிக்க வேண்டிய கண்ணாடி பிளாஸ்டிக் பட்டி நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, க்ளாஸி தாள் அதன் கீழே வழுக்குகிறது. ஹெட் ரெயிலில் ஓடுகிற வளையம் (புஷ்) பிளாஸ்டிக், ரெயிலும் ஒற்றை, தள்ளும்போது கை கொஞ்சம் சாய்ந்தாலே நடுவில் ரெயில் ஒதுங்குகிறது. விளைவு, பார்டர் மேலேயும் கீழேயும் சரியாக அரை இஞ்ச், நடுவில் மட்டும் ஒரு மில்லிக்கு மேல் தொந்தி போட்டிருக்கிறது. கஸ்டமருடைய தாத்தா பாட்டி கல்யாணப் படம் அது. தாத்தா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார், நாற்காலிக் காலுக்குப் பக்கத்திலேயே விளிம்பு வளைந்து போகிறது.

தாளை ஒட்டி வைக்கிற பக்கவாட்டுச் சட்டம் மூலைமட்டத்தில் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. 12க்கு 18 தாளில் மூலைக்கு மூலை அளந்தால் இரண்டு பக்கமும் 549 மில்லி வர வேண்டும். எனக்கு ஒன்று 551, இன்னொன்று 547. திருப்பி முடுக்கலாம் என்று பார்த்தால் ஸ்குரூ இல்லை, ரிவிட் அடித்திருக்கிறார்கள். மேடை மேல் ஒட்டியிருக்கிற ஸ்கேல் ஸ்டிக்கரின் பூஜ்யம்கூட பிளேடு வெட்டுகிற கோட்டில் இல்லை!

இனி அவர்கள் சொன்ன பதில்கள். முதலில், "புதுசுல அப்படித்தான் இருக்கும்ணா, ஓட ஓட செட் ஆயிடும்." அப்புறம், "நீங்க ரொம்ப அழுத்துறீங்க." அப்புறம், "பேப்பர்ல ஈரப்பதம் இருக்கும், கும்பகோணம் காவேரிக் கரைதானே." சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. டெக்னீஷியன் கோயம்புத்தூர் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார் என்றார்கள், இன்று வரை அவர் கோயம்புத்தூரிலேயே இருக்கிறார்.

நடுவில் ஒரு வீடியோ கேட்டார்கள். அனுப்பினேன். அதற்கு முதலாளியே குரல் பதிவு போட்டார்: "தம்பி, வெட்டுன ரெண்டு துண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, அச்சா சேருது பாருங்க. சேந்துச்சுன்னா வெட்டு நேரா இருக்குன்னுதானே அர்த்தம்?" இதைக் கேட்டு எத்தனை பேர் ஏமாந்து போயிருப்பார்களோ. ஒரே வெட்டில் பிரிந்த இரண்டு துண்டு பாம்பாக வளைந்திருந்தாலும் சேரத்தான் செய்யும் ஐயா. வெவ்வேறு இரண்டு தாளை வெட்டி, மேடைப் பக்கம் நின்ற துண்டுகளை எடுத்து, ஒன்றைத் தலைகீழாகச் சுற்றி வெட்டு விளிம்பும் வெட்டு விளிம்பும் தொடுகிற மாதிரி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். வளைவு இருந்தால் இரண்டு மடங்காகத் தெரியும். அப்படிப் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினேன், இரண்டு முனையிலும் வெளிச்சக் கீற்று பளிச்சென்று இருக்கிறது. ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதும் பேச்சு மாறியது. பெட்டி பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்றார்கள். வாங்கும்போது அப்படி ஒரு நிபந்தனை யாரும் சொல்லவில்லை. பெட்டியில் இருக்கிற கம்பெனி நம்பரில் பேசச் சொன்னார்கள், அந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. கடைசியாக முதலாளி சொன்னதுதான் உச்சம்: "நீங்க கடை வச்சிருக்கிற ஆள். கமர்ஷியல் யூஸ். கன்ஸ்யூமர் கோர்ட்டெல்லாம் உங்களுக்குச் செல்லாது, விசாரிச்சுப் பாருங்க." காபி வாங்கிக் கொடுத்த அதே மனுஷன். 11,500 ரூபாய் எனக்கு எத்தனை பாஸ்போர்ட் போட்டோ என்று அவருக்கும் தெரியும், அவரும் இதே தொழில்தானே.

விசாரித்துப் பார்த்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று இருப்பது உண்மைதான், ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது அதில் சேராது என்று அதே இடத்தில் விளக்கமும் இருக்கிறது. ஒற்றை ஆளாக ஸ்டூடியோ நடத்துகிறவர்கள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வழக்குப் போட சென்னைக்கு அலைய வேண்டியதில்லை, நாம் குடியிருக்கிற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், எனக்கு அது தஞ்சாவூர். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்துவிட்டேன். கையில் இருப்பது ஜிபே ரசீதும், எஸ்டிமேட் சீட்டும், "பார்சலோட பில் வரும்" என்று பையன் அனுப்பிய மெசேஜும். பில் கொடுக்காததே தனிக் குற்றம் மாதிரிதான் எனக்குப் படுகிறது, பார்ப்போம்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இது போதும். பிளேடு ஸ்டீல் மேல் ஓடுகிறதா பிளாஸ்டிக் மேல் ஓடுகிறதா, முதலில் அதைப் பாருங்கள். டிஸ்ப்ளே பீஸை வெட்டிக் காட்டினால் மயங்காதீர்கள், உங்களுக்குத் தரப்போகிற பெட்டியைப் பிரித்து, நீங்கள் கொண்டுபோன பேப்பரை, உங்கள் கையால் வெட்டுங்கள், ஏ4 தாளை எது வேண்டுமானாலும் வெட்டும். ஹெட்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டுச் சட்டத்தை ஸ்குரூ போட்டு முடுக்க முடியுமா பாருங்கள். மாற்று பிளேடு இன்றைக்கே கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள், முழித்தால் வெளியே வந்துவிடுங்கள். பில் கைக்கு வராமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள், கடைக்காரர் எந்தக் கோயில் பேரைச் சொன்னாலும்.

இதே சாம்பல் மேடை, சிவப்புக் கைப்பிடி மெஷினை வாங்கி ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் புகாருக்கு பலம் இருக்கும். கல்யாணப் படத்தை மறுபடி பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், சாயங்காலம் அவர்கள் வந்துவிடுவார்கள், அதற்குள் ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் அரிந்தாக வேண்டும்.