மெம்பரேன் வரைக்கும் நல்ல தண்ணீர்தான்

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டதற்குப் பதில் இது. அவரிடம் இருப்பது இரண்டடி மீன் தொட்டி. கார்டினல் டெட்ராவும் செர்ரி இறாலும் விட ஆசை. வீட்டு போர் தண்ணீர் டி.டி.எஸ். பேனாவில் (கரைந்த உப்பை லிட்டருக்கு மில்லிகிராமில் காட்டும் கருவி) 1,200 காட்டுகிறது. செம்பு போட்ட ஆர்.ஓ. மெஷின் ஒன்று தள்ளுபடியில் வந்திருக்கிறதாம். சமையலறைக்கும் ஆச்சு, தொட்டிக்கும் ஆச்சு என்று அதையே வாங்கிவிடலாமா, இல்லை கேன் தண்ணீர் போதுமா?

கப்பி, மோலி, பிளாட்டி, தங்கமீன் வளர்ப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கார்ப்பரேஷன் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து, ஆன்டி குளோரின் விட்டு, ஒரு நாள் காற்று ஓடவிட்டால் போதும். மலாவி சிக்லிட் வைத்திருப்பவர்களுக்கோ கடினமான போர் தண்ணீரே வரம். ஆர்.ஓ. தேவைப்படுவது டெட்ரா, டிஸ்கஸ், இறால் மாதிரி மென்நீர் (சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீர்) கேட்கும் உயிர்களுக்குத்தான். கிரிஸ்டல் இறாலை மட்டும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் மதுரை வெயிலில் நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். அது 24 டிகிரிக்கு மேல் தாங்காமல் திணறும் ஜாதி.

யானைமலையைப் பார்த்தாலே அடியில் என்ன பாறை என்று தெரியும். அந்தப் பாறை இடுக்கில் கிடந்து ஊறிய தண்ணீர்தான் போரில் வருகிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500 கரைந்த உப்பை 500 வரை ஏற்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை விடுகிறது. ஆக 1,200 என்பது குடிக்கவே இரண்டாம் பட்சம். அதில் டெட்ரா உடனே செத்துவிடாது. ஆனால் நிறம் ஏறாது, முட்டை பொரியாது.

ஆர்.ஓ. மெஷினின் நல்ல குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், பின்னால் திட்ட வசதியாக இருக்கும். உப்பை வடிகட்டும் சவ்வுக்குப் பெயர் மெம்பரேன். அது 75 ஜி.பி.டி. (நாளுக்கு 75 கேலன்) என்றால் கணக்குப்படி நாளுக்கு 284 லிட்டர், அதாவது மணிக்கு 12 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. புது மெம்பரேனில் 1,200 உள்ளே போனால் 40, 50 வெளியே வரும். 96 சதவீத உப்பு வடிகட்டல். உள்ளே போவதிலிருந்து வெளியே வருவதைக் கழித்து, உள்ளே போவதால் வகுத்தால் இந்தச் சதவீதம் கிடைக்கும். 90க்குக் கீழே இறங்கினால் மெம்பரேன் மாற்றும் காலம். அதற்கு முன்னால் யார் மாற்றச் சொன்னாலும் பேனாவைக் காட்டிக் கேளுங்கள். நான்கு வருடம் தொட்டிக்கு ஓட்டிப் பார்த்ததில், மெம்பரேன் என்ற அந்த ஒரு பாகத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அதைப் பயன்படுத்துவதில் இரண்டு நுணுக்கம் உண்டு. ராத்திரி மெஷின் நின்றிருக்கும்போது மெம்பரேனின் இரு பக்கமும் உப்பு சமன்படப் பார்க்கும். அதனால் காலையில் முதலில் வரும் ஒரு லிட்டர் 150 கூடக் காட்டும், சில நிமிடத்தில் இறங்கிவிடும். அந்த முதல் லிட்டரைத் தொட்டிக்குப் பிடிக்காதீர்கள். சமையலறை மெஷினில் ஒவ்வொரு சொம்புத் தண்ணீர் எடுக்கும்போதும் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி நிற்கும். ஆகவே அதன் டேங்கில் சேர்வதில் பெரும்பகுதி இந்த 'முதல் லிட்டர்'தான். மீனுக்கு எடுப்பது ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். அடுத்தது வெயில். சித்திரையில் மதியம் மொட்டை மாடி சின்டெக்ஸ் தண்ணீர் கை வைக்க முடியாமல் சுடும். சூடான தண்ணீர் மெம்பரேனில் வேகமாக இறங்கும், உப்பும் கூடவே அதிகமாக நழுவும். விடியற்காலை ஐந்து மணித் தண்ணீருக்கும் மதியத் தண்ணீருக்கும் வித்தியாசம் பேனாவிலேயே தெரியும். அதிகாலையில் பிடியுங்கள்.

வில்லங்கமெல்லாம் மெம்பரேனைத் தாண்டித்தான் ஆரம்பம்.

சமையலறை ஆர்.ஓ. நாக்குக்காகச் செய்தது. சுத்தமான தண்ணீர் சப்பென்று இருக்கும் என்பதால், கஷ்டப்பட்டு எடுத்த உப்பைக் கடைசியில் திரும்பச் சேர்க்கிறார்கள். டி.டி.எஸ். அட்ஜஸ்டர் என்று ஒரு சின்ன வால்வு இருக்கும். மெம்பரேனுக்குப் போகாத தண்ணீரில் கொஞ்சத்தைக் குறுக்கு வழியில் கொண்டுவந்து கலப்பது அதன் வேலை. 20 பாகத்துக்கு ஒரு பாகம் கலந்தாலே 40 என்பது 100ஐ ஒட்டி ஏறிவிடும். அதோடு போரில் இருக்கும் நைட்ரேட்டும் வடிகட்டாமல் சேர்ந்தே வரும். மேல் டேங்க் நிறைந்திருக்கும்போது ஒரு அழுத்தம், காலியாகும்போது ஒரு அழுத்தம் என்பதால் கலவையும் மாறிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு 80, நாளைக்கு 120. மனிதனுக்கு ஒன்றுமில்லை. இறால் அந்த மாற்றத்தில் தோலுரிக்க முடியாமல் செத்துப்போகும்.

சர்வீஸுக்கு வரும் ஒவ்வொரு பையனும் முதலில் கை வைப்பது இந்த அட்ஜஸ்டரின் ஸ்க்ரூவில்தான். "அண்ணே, தண்ணி சப்புன்னு இருக்குன்னு வீட்ல சொல்வாங்க" என்று கேட்காமலே திருப்பிவிட்டுப் போவார்கள். ஃபில்டர் மாற்றிய பில்லில் இது இருக்காது. மூன்று மாதம் சரியாக இருந்த தண்ணீர் சர்வீஸ் முடிந்த மறுநாள் 180 காட்டினால் மெம்பரேனைச் சந்தேகிக்காதீர்கள். முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள்.

அடுத்தது மினரல், ஆல்கலைன் குழாய்கள். அவை பி.எச்.சை ஏற்றும், புதிதாக இருக்கும்போது அதிகமாக, ஆறு மாதம் கழித்துக் குறைவாக. எவ்வளவு என்று கணக்கு வைக்கவே முடியாது. இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். செம்பை முடியாது.

ஐ.எஸ். 10500 தாமிரத்தை லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை ஏற்கிறது, கட்டாயமென்றால் 1.5 வரை. கடல்மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணியைக் கொல்லப் போடும் தாமிர மருந்தின் அளவோ 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். அந்த மருந்து போடும் தொட்டியில் இறாலும் நத்தையும் இருக்கக் கூடாது என்பது பாலபாடம். மனிதனுக்கு விட்டிருக்கும் மேல் வரம்பு, அந்த மருந்தைப்போல ஏழு மடங்குக்கு மேல். அதிலும் தாமிரத்தின் நச்சு கடின நீரைவிட மென்நீரில் அதிகமாகப் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டுச் செம்பைச் சேர்க்கும் மெஷின் இறாலுக்கு எமன். டி.டி.எஸ். பேனாவுக்கும் இது தெரியாது. நூற்றுக்கணக்கில் எண்ணும் பேனாவுக்கு அரை மில்லிகிராம் ஒரு தூசு. "எல்லாம் சரியாகத்தானே இருக்கு, இறால் மட்டும் ஏன் சாகுது?" என்று கேட்பவர்களிடம், சமையலறையில் என்ன மெஷின் என்று முதலில் கேட்க வேண்டும்.

ஏற்கெனவே இப்படிப்பட்ட மெஷின் மாட்டியிருந்தால் ஒரு வழி உண்டு. பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் வரத்தை அடைத்துவிட்டு மூடியைக் கழற்றுங்கள். மெம்பரேன் குடுவையில் மூடிப் பக்கம் ஒரு வழி, அது உள்ளே போவது. மறுமுனையில் இரண்டு: ஒன்றில் கழிவு, அந்தக் குழாயில் கழிவின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்.ஆர். என்ற சின்ன உருளை இருக்கும். மற்றது நல்ல தண்ணீர். இந்த நல்ல தண்ணீர்க் குழாயில், அட்ஜஸ்டருக்கும் மினரல் குழாய்க்கும் முன்னால், கால் இஞ்ச் 'டீ' ஒன்றைச் சொருகி இரண்டு கைக்கும் தனித்தனி பால் வால்வு (ball valve) போடுங்கள். ஒன்று வாளிக்கு, ஒன்று மெஷின் டேங்குக்கு. டேங்குக் கைக்கு வால்வு போடாமல் விட்டால் அட்ஜஸ்டர் வழியாகக் கலப்புத் தண்ணீர் வாளிப் பக்கம் திரும்பி வரலாம். மோட்டார் ஓடும்போது இரண்டையும் ஒருசேர மூடிவிடாதீர்கள். அழுத்தம் ஏறி ஃபிட்டிங் தெறிக்கும். டேங்க் நிறைந்திருந்தால் மிதவை மோட்டாரை ஓடவிடாது, ஒரு குடம் பிடித்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்த பிறகு தண்ணீர் வாளிக்குப் போவதால் மிதவை ஏறாது, மோட்டார் தானாக நிற்காது. 40 லிட்டருக்கு மூன்றரை மணி நேரம். போனில் அலாரம் வைக்காவிட்டால் ஹாலில் தெப்பத்திருவிழாதான்.

கழிவு மூன்று மடங்கு: 40 லிட்டருக்கு 120. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஆகும். பூச்செடிக்கு ஊற்ற வேண்டாம், 1,600ஐ ஒட்டிய உப்பு அதில் இருக்கும்.

பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றவும் கூடாது. அதில் பி.எச்.சை நிலையாக வைக்கும் தாங்குசக்தி இல்லை. பி.எச். பேனா அதில் 5.8 என்றும் 6.9 என்றும் மாறி மாறிக் காட்டுவதை நம்பிப் பதற வேண்டாம். 50 லிட்டருக்கு ஜி.எச். (மொத்தக் கடினம்) 6, கே.எச். (கார்பனேட் கடினம்) 2 வேண்டுமென்றால்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 5.9 கிராம், எப்சம் உப்பு 3.3 கிராம், சமையல் சோடா 3 கிராம். பேக்கிங் பவுடர் வேறு, சோடா வேறு, மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நகைத் தராசு 0.1 கிராம் காட்டினால் போதும். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும், எடை போட்ட கையோடு டப்பாவை இறுக மூடுங்கள். சோடாவையும் கால்சியத்தையும் ஒரே டம்ளரில் கரைத்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும், போட்டது வீண். தனித்தனியாகக் கரைத்து, ஒன்றை ஊற்றிக் கலக்கிய பிறகு மற்றதை ஊற்ற வேண்டும். முடிவில் பேனா 200ஐ ஒட்டிக் காட்டும். ஒரு நாள் காற்று ஓடட்டும். டிரம் வாயைத் துணி கட்டி மூடுங்கள், கொசு முட்டையிடும்.

ஆவியான அளவுக்கு நிரப்பும்போது மட்டும் இந்த உப்பெல்லாம் கிடையாது, வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான். தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1.8 லிட்டர். வெயில் காலத்தில் விசிறி வைத்தால் நாளுக்கு அரை சென்டிமீட்டர் இறங்கும் என்று வையுங்கள். அதைப் போர் தண்ணீரால் நிரப்பினால், ஓரடி ஆழத் தொட்டியில் இரண்டே மாதத்தில் முழுத் தொட்டி அளவு போர் உப்பு சேர்ந்துவிடும். நன்றாக ஓடிய தொட்டி வைகாசியில் கெட்டுப்போகும் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழைத் தண்ணீர் அருமையானது. முதல் இருபது நிமிடத்தை ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். வெக்கைக்குச் சுண்ணாம்பு அடித்த மாடி என்றால் பி.எச். ஏறும், தகரக் கூரை என்றால் துத்தநாகம் வரும், வேண்டாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் பேனாவில் அழகாகக் காட்டும், ஆனால் செம்பும் அலுமினியமும் உள்ள காயிலில் வழிந்து வருவது. இறால் தொட்டிக்கு ஆகாது. பேட்டரித் தண்ணீர் கட்டுபடியாகாது. அழகர்கோவில் தீர்த்தம் தோசைக்கு இருக்கட்டும்.

இனி நண்பரின் கேள்வி. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத்தான் இருக்கும்: அந்த மெஷினை வாங்க வேண்டாம். இரண்டடித் தொட்டிக்கு வாரம் கால் பங்கு மாற்ற 14 லிட்டர், ஆவியானதை நிரப்ப மிச்சம். சாதாரண நாளில் ஒரு 20 லிட்டர் கேனில் ஓடிவிடும், கத்தரி வெயிலில் வாரம் இரண்டு. கேன் தண்ணீரின் குறை, ஒரு வாரம் 30, மறுவாரம் 110 என்று வருவது. ஒவ்வொரு கேனையும் பேனாவில் பார்த்து, 60க்கு மேல் காட்டினால் அதைக் குடிக்க வைத்துக்கொண்டு வேறு கேனைத் தொட்டிக்கு எடுங்கள். இரண்டாவது தொட்டி வரும்போது, ஸ்பன் ஃபில்டர், கார்பன், மெம்பரேன், பம்பு, எஃப்.ஆர்., சோலனாய்டு (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) என்று உதிரி பாகம் வாங்கி பால்கனிச் சுவரில் மாட்டுங்கள். சுமார் 4,000 ரூபாயில் முடியும். அதில் திருப்ப ஸ்க்ரூவே இருக்காது.

இல்லை, தள்ளுபடியை விட மனசில்லை என்றால் செம்பு இல்லாத மாடலாகக் கேளுங்கள். வந்து மாட்டிய அன்றே அட்ஜஸ்டர் ஸ்க்ரூவின் தலையிலிருந்து உடம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவையுங்கள். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பிறகும், பையன் செருப்பை மாட்டுவதற்குள் அந்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.