‘நட்டமானா யார் கட்டோணும்?’: திருப்பூரில் ஒரு நாள் வணிக உலா

பத்தொன்பது வருசமாகப் பதினோராம் வகுப்புக்கு வணிகவியல் நடத்துகிறேன். தனியாள் வணிகம், கூட்டாண்மை, நிறுமம் (சட்டப்படி பதிவான கம்பெனி), கூட்டுறவுச் சங்கம் என்று கரும்பலகையில் எழுதி, நிறை குறைகளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, ஏப்ரலில் மறந்துவிடுவார்கள். இந்த வருசம் அப்படி நடக்கவில்லை. அதற்குக் காரணமான ஒரு நாள் உலாவைப் பற்றி மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வருசக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கு வந்த நன்கொடைப் பணத்தில் வெளியூரிலிருந்து ஒரு பயிற்சி நிறுவனத்தை வரவழைத்தோம். ஏசி ஹால், புரொஜெக்டர், பிள்ளைகள் கையில் பளபளப்பான ஃபைல். நாள் முழுக்க ஸ்டார்ட்அப், ஆப், முதலீட்டாளர், இதே பேச்சு. நான்காவது பெஞ்சில் இருந்த பெண் எழுந்து, “எங்கப்பா டீக்கடை வச்சிருக்காருங் சார், அது பிசினஸ்ல வருமுங்களா?” என்று கேட்டாள். பயிற்சி கொடுத்தவர் சிரித்துக்கொண்டே, “அதெல்லாம் சின்னது, பெருசா யோசிங்க” என்றார். அந்தப் பிள்ளை அன்றைக்கு முழுக்க வாயே திறக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்த வருசம் நாங்கள் கூப்பிட்டது ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர் ஒருவரும், ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் ஓர் அக்காவும் சேர்ந்து நடத்தும் உலாவை. தலைக்கு 300 ரூபாய், மதியச் சாப்பாடு அதிலேயே அடக்கம், பஸ் நம்முடையது. குறைந்தது 30 பேர் வேண்டும் என்றார்கள். நாங்கள் 38 பேர் போனோம்.

போவதற்கு முந்தின வாரமே ஒரு வீட்டுப்பாடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ஆளுக்கு மூன்று கடை பில் கொண்டுவர வேண்டும். துணிக்கடை, மருந்துக்கடை, ஹோட்டல், எதுவானாலும் சரி. எதற்கு என்று எனக்கே அப்போது புரியவில்லை.

காலை ஒன்பதரைக்கு வகுப்பறையில் அந்த அக்கா பில்லைக் கையில் எடுக்கச் சொன்னார். “மேல ஜிஎஸ்டி நம்பர் இருக்குதா பாருங்க கண்ணு. மொத்தம் பதினஞ்சு எழுத்து. முன்னால இருக்கிற 33 நம்ம தமிழ்நாடு, அதை விட்டுருங்க. அதுக்கடுத்த மூணு எழுத்தையும் விட்டுருங்க. நாலாவது என்ன?” 33-க்குப் பின்னால் வரும் பத்து எழுத்தும் பான் நம்பர். அதில் நாலாவது எழுத்து, அந்தப் பான் யாருடையது என்று சொல்லிவிடும். பி என்றால் தனி ஆள், எஃப் என்றால் கூட்டாண்மை, சி என்றால் நிறுமம், எச் என்றால் இந்துக் கூட்டுக்குடும்பம், டி (T) என்றால் அறக்கட்டளை. கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பெரும்பாலும் ஏ. நான் இத்தனை வருசம் நடத்திய பாடம் ஒரு கசங்கிய மருந்துக்கடை பில்லில் ஒற்றை எழுத்தாக இருந்திருக்கிறது. பிள்ளைகள் பில்லை மாற்றி மாற்றிப் பார்த்து, “எனக்கு எஃப்”, “எனக்கு சி” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். நம்பரே இல்லாத பில்லும் நாலைந்து வந்தது. வருச விற்பனை வரம்புக்குள் இருக்கும் சின்னக் கடைகள் ஜிஎஸ்டி பதிய வேண்டியதில்லை என்பதையும் அப்படியே சொல்லி முடித்தார்.

அப்போது ஒரு பிள்ளை பில்லுக்குப் பதிலாக, அவள் அம்மா செக்கிங் வேலை பார்க்கும் இடத்திலிருந்து ஒரு டெலிவரி சலானை (சரக்கோடு அனுப்பும் சீட்டு) கொண்டுவந்து காட்டினாள். நாலாவது எழுத்து பி. “அப்போ எங்கம்மா போற கம்பெனி, கம்பெனி இல்லீங்களா மிஸ்?”

திருப்பூர்க்காரர்களுக்குத்தான் இந்தக் கேள்வியின் எடை தெரியும். இங்கே ஆறு தையல் மெஷின் ஓடும் தகரக் கொட்டகையும் கம்பெனிதான், ஆயிரம் பேர் வேலை பார்க்கும் ஏற்றுமதி யூனிட்டும் கம்பெனிதான். “கம்பெனிக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லாத வீடு இந்த ஊரில் இல்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் அதில் எத்தனையோ கம்பெனி நிறுமமே கிடையாது, ஒரே ஆளின் சொந்தத் தொழில். பேராசிரியர் அந்தப் பிள்ளையை முன்னால் கூப்பிட்டு, “இன்னிக்கு நீ ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டே வா: நட்டமானா யார் கட்டோணும்?” என்றார். அன்றைய உலா முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் ஓடியது.

முதலில் பள்ளிக்குப் பின்னால் ஒரு பவர்டேபிள், அதாவது கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்னத் தையல் கூடம். வீட்டு முன்புறக் கொட்டகையில் நீள டேபிள், ஓவர்லாக் தையல் மெஷின் மூன்று, ஃபிளாட்லாக் இரண்டு, கட்டிங் முடிந்து வந்த துண்டுகள் மூட்டை மூட்டையாக. பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்கிறார் அந்த அண்ணன். பிள்ளை கேள்வியைக் கேட்டாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு, “நான்தான் கட்டோணும் சாமி. மெஷின் கடனுக்கு வீட்டுப் பத்திரம்தான் பேங்குல இருக்குது” என்று மேலே கூரையைக் காட்டினார். வரையறாப் பொறுப்பு (தொழில் கடனுக்குச் சொந்தச் சொத்தும் பொறுப்பு) என்று நான் எழுதிப்போடும் சொல்லை, தலைக்கு மேல் இருந்த கூரையை அண்ணாந்து பார்த்துப் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள். லாபமும் முழுக்க அவருக்குத்தான், முடிவெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை என்பதையும் அவரே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையும் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து காதர்பேட்டை. மாமன், மச்சான் இருவரும் சேர்ந்து நடத்தும் பனியன் மொத்த வியாபாரக் கடை. பணம் மாமனுடையது, வடநாட்டு வியாபாரிகளிடம் பேசுவது மச்சான். லாபம் அறுபதுக்கு நாற்பது. முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார்கள், ஆனால் பதிவு செய்யவில்லை. 1932-ஆம் ஆண்டு கூட்டாண்மைச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பதியாத கூட்டாண்மை, சரக்கு வாங்கிவிட்டுப் பணம் தராதவர் மேல் கோர்ட்டில் வழக்குப் போட முடியாது என்று ஜிஎஸ்டி அக்கா சொன்னதும், கல்லாவில் இருந்த மச்சான் நிமிர்ந்து, “அப்படீங்களா?” என்றார். பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் ஒரு பாடம் படித்தார். கடைக்காக ஒரு கூட்டாளி வாங்கிய கடனுக்கு இன்னொரு கூட்டாளியின் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும் என்பதை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போதே விளக்கியது நன்றாக இருந்தது. நம்பிக்கை என்ற சொல்லைப் பேராசிரியர் சொல்லவே தேவைப்படவில்லை.

அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு ஏற்றுமதி நிறுவனம், பிரைவேட் லிமிடெட். உள்ளே ஃபோன் எடுத்துப் போக விடவில்லை. மனிதவள அதிகாரி கட்டிங்கிலிருந்து பேக்கிங் வரை நடத்திக் காட்டினார். கேள்விக்கு அவர் சொன்ன பதில் புத்தகப் பதில்தான்: பங்குக்குப் போட்ட பணம் மட்டும்தான் போகும், பங்குதாரர் வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள். ஆனால் பஸ்ஸில் திரும்பும்போது பேராசிரியர் சேர்த்துச் சொன்னதுதான் எனக்கு அன்றைய நாளின் உச்சம். சின்ன பிரைவேட் லிமிடெட்டுக்குக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் பெரும்பாலும் இயக்குநர்களிடம் சொந்த ஜாமீனும் வாங்கிக்கொள்ளும். அப்போது சட்டம் கட்டிய சுவரில் அவர்களே ஒரு கதவைத் திறந்து வைத்த மாதிரி ஆகிவிடும். இதை எந்தக் கேள்வித்தாளும் கேட்காது. ஆனால் நாளைக்குத் தொழில் தொடங்கப்போகும் பிள்ளைக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

குறைகள் இருக்கின்றன. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு மதியம் இரண்டரைக்குப் போய் நின்றோம். பால் வருவது விடிகாலையும் சாயங்காலமும். சங்கத்தில் செயலாளர் ஒருவர்தான் இருந்தார், கேன்கள் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தன. கொழுப்பும் இதர சத்தும் அளந்து காசு போடுவதை ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை. ஒரு மாடு வைத்திருக்கும் பாட்டிக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் சங்கத் தேர்தலில் ஒரே ஓட்டுதான். பங்குக்கு ஒரு ஓட்டு என்று இருக்கும் நிறுமத்திலிருந்து கூட்டுறவு பிரிகிற இடமே அதுதான். கண்ணால் காண வேண்டியதைக் காதால் மட்டும் கேட்டுவிட்டு வந்தோம். நேரத்தை மாற்றியே ஆக வேண்டும்.

இரண்டாவது, பயிற்சித்தாள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்வழிப் பிள்ளைகள் என்று முன்பே சொல்லியிருந்தேன். நானே இரவில் உட்கார்ந்து தமிழில் எழுதி நகல் எடுத்தேன்.

மூன்றாவது கொஞ்சம் பெரிய குறை. இந்துக் கூட்டுக்குடும்ப வணிகத்தை இரண்டே வரியில் முடித்தார்கள். ஒரு பெண், “பொம்பளைப் பிள்ளை கர்த்தா ஆக முடியுமுங்களா?” என்று, அதாவது குடும்பத் தொழிலை நடத்தும் தலைவராக முடியுமா என்று கேட்டதற்கு, “அது ஆம்பளைங்கதான்” என்று பதில் வந்தது. இது பழைய பதில். தமிழ்நாட்டில் 1989-லேயே திருமணமாகாத மகள்களுக்கு மகனைப் போலப் பங்குரிமை வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் வந்தது. மூத்தவர் பெண்ணாக இருந்தால் அவரே கர்த்தாவாக இருக்கலாம் என்று 2015-இல் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பும் சொன்னது. அறை நிறையப் பெண் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது இந்தத் தவறு நடக்கக் கூடாது. மறுநாள் வகுப்பில் நான் திருத்திச் சொன்னேன், அவர்களுக்கும் ஃபோன் செய்தேன். பேராசிரியர் தயங்காமல் ஒப்புக்கொண்டு அடுத்த முறை மாற்றிவிடுவதாகச் சொன்னார். அந்தப் பண்புக்காகவே மறுபடி கூப்பிடுவேன்.

ஒரு யோசனையும் சொன்னேன்: சாயக் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தையும் உலாவில் சேர்க்க வேண்டும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இந்தப் பிள்ளைகள் கைக்குழந்தைகள். சாயக் கழிவுநீரால் நொய்யல் ஆறு கெட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொது நிலையங்கள் சாயப்பட்டறைக்காரர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து தொடங்கிய நிறுமங்கள் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு பட்டறை தனியாகப் போட முடியாத முதலீட்டை நிறுமமாகச் சேர்ந்து போட்டார்கள். நிறுமம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இந்த ஊரில் அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

சாப்பாடு தக்காளி சாதமும் உருளைக்கிழங்கும். போதுமானதாக இருந்தது.

கூப்பிட நினைப்பவர்களுக்கு: ஜூன், ஜூலையில் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதம் காதர்பேட்டையில் கால் வைக்க இடமிருக்காது, பவர்டேபிள்காரர்களும் மெஷினை நிறுத்திப் பேச மாட்டார்கள். பில் கொண்டுவரும் வீட்டுப்பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். டெலிவரி சலான் கொண்டுவந்த பிள்ளை இப்போது தெருவில் இருக்கும் கடை ஒவ்வொன்றின் எழுத்தையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். போன வெள்ளிக்கிழமை வரை இருபத்திமூன்று பி, ஏழு எஃப், நாலு சி. எச் மட்டும் இன்னும் கிடைக்கவில்லையாம், தேடிக்கொண்டிருக்கிறாள்.