காம்யாப்: ஐந்நூறாவது படத்தைத் தேடும் குணச்சித்திர நடிகர்

கதாநாயகனின் தந்தையாகவும் மருத்துவராகவும் காவல் ஆய்வாளராகவும் இந்திப் படங்களில் வந்துபோன ஒரு குணச்சித்திர நடிகரின் முதுமையைக் கதையாக எடுத்துக்கொண்ட படம், ஹார்திக் மேத்தா இயக்கிய 'காம்யாப்'. 2018இல் பூசான் திரைப்பட விழாவில் இடம்பெற்ற இப்படம் 2020 மார்ச் 6 அன்றுதான் திரையரங்குகளுக்கு வந்தது. அடுத்த சில நாட்களிலேயே கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டதால், பார்த்திருக்க வேண்டிய பலர் இதைத் தவறவிட்டனர்.

மும்பையில் தனியாக வாழும் சுதீர், ஒரு தொலைக்காட்சிப் பேட்டியின்போது தாம் 499 படங்களில் நடித்திருப்பதை அறிகிறார். இன்னும் ஒரு படம் நடித்துவிட வேண்டும் என்ற ஆசை பிறக்க, படங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் டைரக்டர் குலாட்டியை நாடிச் செல்கிறார். எந்தக் காய்கறியோடும் சேர்ந்துவிடும் உருளைக்கிழங்கைப் போன்றவர்கள் என்று இத்தகைய நடிகர்களைப் பற்றிப் படத்திலேயே பேசப்படுகிறது.

சுதீராக வரும் சஞ்சய் மிஸ்ராவே இப்படத்தின் பெரும் பலம். தேசிய நாடகப் பள்ளியில் பயின்று, நெடுங்காலம் சிறு வேடங்களிலும் நகைச்சுவை வேடங்களிலும் நடித்து, 2014இல் 'ஆங்க்கோன் தேக்கி' படத்தில் முதன்மை வேடத்தில் பெரும் பாராட்டைப் பெற்றவர் அவர். படப்பிடிப்புத் தளத்தில் வசனம் நாவில் நிற்காமல் டேக்குக்கு மேல் டேக் போகும் காட்சியில், அவர் குரலை உயர்த்தவோ கண்ணீர் விடவோ தேவையே இல்லாமல், முகத்தின் நிறம் மெல்ல வற்றுவதைக் கொண்டே அந்த அவமானத்தை நமக்கு உணர்த்திவிடுகிறார். அவ்தார் கில் போன்ற மூத்த நடிகர்கள் வேறு பாத்திரமாக அல்லாமல் தங்கள் சொந்தப் பெயரிலேயே தோன்றியிருப்பதும் சரியான முடிவு. 'ஷோலே'யில் (1975) காலியாவாக வந்த விஜு கோட்டேயும் அவர்களில் ஒருவர். படம் அரங்குக்கு வருமுன்பே, 2019 செப்டம்பரில் அவர் காலமாகிவிட்டது வருத்தத்துக்குரியது.

மகளோடு ஏற்படும் பிணக்கு பழகிய பாதையிலேயே செல்கிறது. அண்டை வீட்டில் வசிக்கும் இளம் நடிகையின் கிளைக்கதையும் மெலிந்திருக்கிறது. எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறொன்று. விடுதலைப் போராட்ட வீரராகவும் தையற்காரராகவும் இப்டா (இந்திய மக்கள் நாடக மன்றம்) அமைப்பின் நாடகக்காரராகவும் வாழ்ந்துவிட்டு, ஏறத்தாழ ஐம்பது வயதில் திரைக்கு வந்த ஏ.கே. ஹங்கல் போன்றவர்களின் நடிப்புக்குப் பின்னே ஒரு முழு வாழ்க்கை இருந்தது. சுதீரின் நடிப்பு எந்த அனுபவத்தில் விளைந்தது என்பதற்குத் திரைக்கதை போதிய இடம் தரவில்லை.

ஆயினும், பழைய இந்திப் படங்களை விரும்பிப் பார்ப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.