வை-ஓ-டாப்பு வெந்நீர்ப் பூங்கா: மின்சாரத்துக்கான வெப்பத்தைத் தேடக் கற்றுத்தரும் நிலம்

நியூசிலாந்தின் ரோட்டோருவா நகருக்குத் தெற்கே, டாப்போவுக்குச் செல்லும் நெடுஞ்சாலைப் பக்கம் அமைந்திருக்கிறது வை-ஓ-டாப்பு வெந்நீர்ப் பூங்கா. வண்ணக் குளங்களைப் படமெடுக்க வருவோரே இங்கு அதிகம். ஆயினும், எரிமலை நிலத்தில் புவிவெப்ப ஆற்றலைத் தேடுவோர் துளையிடுவதற்கு முன் எவற்றையெல்லாம் கவனிப்பார்கள் என்பதைக் கண்ணாலும் மூக்காலும் அறிந்துகொள்ள, நான் பார்த்த இடங்களில் இதுவே சிறந்தது.

நடைபாதையின் தொடக்கத்தில் இடிந்து உள்வாங்கிய பள்ளங்கள் வருகின்றன. ஆழத்திலிருந்து நீராவியோடு ஏறும் ஹைட்ரஜன் சல்பைடு, மேற்பரப்புக்கு அருகே காற்றுடன் சேர்ந்து அமிலமாகிப் பாறையை அரித்ததால் உண்டானவை இவை. அழுகிய முட்டை நாற்றம், சுவர்களில் படிந்த மஞ்சள் கந்தகம், வெளுத்துப்போன களிமண் ஆகிய மூன்றும் கீழே வெப்பம் இருப்பதை உறுதிப்படுத்தும். ஆனால் இங்கே கொதிப்பது பெரும்பாலும் நீராவியால் சூடேறிய மேல்மட்ட நீர் என்பதால், ஆழத்து நீரின் வெப்பநிலையை இதைக் கொண்டு அறிய இயலாது.

அதற்கு ஷாம்பெயின் குளத்தின் கரையில் நிதானமாக நிற்க வேண்டும். சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த வெந்நீர் வெடிப்பில் பிறந்த இக்குளம் ஏறத்தாழ 65 மீட்டர் அகலமுடையது. மேற்பரப்பு நீரின் வெப்பம் 74 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. கரையோர ஆரஞ்சு வளையம் ஆர்சனிக், ஆன்டிமனி சல்பைடுகளால் ஆனது; எல்லோரும் படமெடுப்பதும் அதைத்தான். என்னைக் கட்டிப்போட்டது, வழிந்தோடும் நீர் அடுக்கடுக்காகப் படியவைத்திருக்கும் சிலிகா (மணலின் முக்கியக் கனிமம்) மேடை. வெப்பம் கூடக் கூட நீர் பாறையிலிருந்து அதிகச் சிலிகாவைக் கரைத்துக்கொள்ளும். மேலே வந்து ஆறும்போது தாங்கமுடியாத பகுதியை இறக்கிவைக்கும். ஆகவே ஊற்றுநீரில் கரைந்துள்ள சிலிகாவை அளந்தால், அது புறப்பட்டு வந்த ஆழத்தின் வெப்பத்தைக் கணிக்கலாம். இக்குளத்தின் கீழே அது சுமார் 260 டிகிரி எனக் கூறப்படுகிறது.

லேடி நாக்ஸ் என்ற வெந்நீர்ப் பீச்சை (கெய்சர், அதாவது நிலத்துக்குள்ளிருந்து சீறி எழும் வெந்நீர் ஊற்று) தினமும் காலை 10.15 மணிக்குச் சோப்பு இட்டு எழுப்புகிறார்கள். பார்க்க அழகுதான், எனினும் நேரம் குறைவாக இருப்பவர்கள் அதை விட்டுவிட்டு, அந்த வேளையைச் சிலிகா மேடையில் செலவிடலாம் என்பதே என் பரிந்துரை. மேலோடு மெல்லியது என்பதால் பாதையை விட்டு ஓர் அடியும் விலகக் கூடாது. குழந்தைகளைக் கையில் பிடித்தே அழைத்துச் செல்லுங்கள்.

அதே நாளில் டாப்போ அருகிலுள்ள வைராக்கி மின்நிலையத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 1958இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அந்த நிலையத்துக்காக அங்குள்ள வெப்பப் புலத்திலிருந்து (நிலத்தடியில் வெந்நீர் தேங்கியிருக்கும் பகுதி) பெருமளவு நீர் எடுக்கப்பட்ட பிறகு, அருகிலிருந்த பள்ளத்தாக்கின் வெந்நீர்ப் பீச்சுகள் நின்றுபோயின. வை-ஓ-டாப்பு பாதுகாக்கப்பட்ட புலமாக இருப்பதால், இங்குள்ள ஊற்றுகள் இன்னும் பொங்கிக்கொண்டிருக்கின்றன.