நெருப்பில் பணத்தை எறிந்தவளும் தலையணையைக் கிழித்தவளும்

தஸ்தயெவ்ஸ்கி 1868-69இல் தொடராக எழுதிய, எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் ‘அசடன்’ என்று தமிழுக்கு வந்த நாவலின் நஸ்தாஸ்யா ஃபிலிப்போவ்னாவும், எமிலி பிராண்ட்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1847) நாவலின் கேத்தரினும், தங்களை நேசித்த ஆண்களின் கண்ணெதிரே தங்களையே அழித்துக்கொண்டவர்கள். ஆனால் அந்த அழிவு பாயும் திசை இருவரிடத்திலும் வேறு.

கேத்தரினுக்கு அது ஆயுதம். கணவன் எட்காருக்கும் சிறுவயது முதல் அவளை நேசிக்கும் ஹீத்கிளிஃபுக்கும் மோதல் முற்றியதும், தன் நெஞ்சை உடைத்துக்கொண்டு அவர்கள் நெஞ்சை உடைக்கப்போவதாக அவளே அறிவிக்கிறாள். அறையைத் தாழிட்டுக்கொண்டு பட்டினி கிடக்கிறாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்தவள், கணவன் புத்தகங்களோடு இருக்கிறான் என்று பணிப்பெண் நெல்லி சொல்லக் கேட்டு அதிர்ந்துபோகிறாள். பிறகு தலையணையைப் பல்லால் கிழித்து, இது வான்கோழி, இது காட்டு வாத்து, இது ஆட்காட்டி என்று இறகுகளை இனம் பிரித்துப் படுக்கையில் அடுக்குகிறாள். பார்வையாளர் இல்லாமற்போன நாடகம் உண்மையான சித்தப்பிரமையாக மாறும் அந்த இடம் அபாரமானது.

நஸ்தாஸ்யாவின் கதையோ அவளுக்கு முன்பே பிறரால் எழுதப்பட்டுவிட்டது. அநாதையான அவளை வளர்த்த டோட்ஸ்கி, பதினாறு வயதில் அவளைத் தன் ஆசைநாயகியாக்கினான். பின்னர் 75,000 ரூபிள் கொடுத்து பணத்தாசை கொண்ட கான்யா என்ற இளைஞனுக்கு மணமுடித்துக் கைகழுவப் பார்க்கிறான். அவளுடைய பிறந்தநாள் விருந்துக்கு, அவள்மேல் பித்தான ரோகோஷின் ஒரு லட்சம் ரூபிளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவருகிறான். அவள் குற்றமற்றவள் என்று சொல்லி மணக்க முன்வரும் நாவலின் நாயகன் மிஷ்கினை, இந்தக் குழந்தையைக் கெடுக்கமாட்டேன் என்று மறுத்துவிட்டு, அந்தப் பொட்டலத்தைக் கணப்பில் எறிகிறாள்; வெறுங்கையால் எடுத்தால் பணம் உனக்கு என்று கான்யாவிடம் சவால் விடுகிறாள். அவன் மயங்கி விழ, இடுக்கியால் வெளியே இழுத்து, கருகியது மேலுறை மட்டுமே என்று தெரிந்ததும் அவனுக்கே விட்டுவிட்டு ரோகோஷினுடன் போய்விடுகிறாள். பணத்தை இத்தனை துச்சமாக மதிப்பவளால், பிறர் தனக்குச் சூட்டிய ‘கெட்டவள்’ என்ற பெயரை மட்டும் உதற முடியவில்லை. மன்னிப்பை ஏற்க மறுக்கும் இந்த மனம்தான், என் பார்வையில், கேத்தரினின் ஆவேசத்தைவிட ஆழமானது.

ஆயினும் ஒரு குறை உண்டு. கேத்தரின் நாவலின் பாதியிலேயே இறந்தாலும், நெல்லி எவ்வளவு கடுகடுப்பாகச் சொன்னாலும், அவள் குரல் நமக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நஸ்தாஸ்யாவோ முதல் பாகத்திற்குப் பிறகு பெரும்பாலும் வதந்தியாகவும் பிறர் பேச்சாகவுமே வருகிறாள். கடைசியில், வெள்ளைத் துணிக்கு வெளியே பாதத்தின் நுனி மட்டும் தெரிய அவள் கிடக்கும்போதும், அவளைக் கொன்றவனான ரோகோஷினும், அவனோடு மிஷ்கினும்தான் இரவெல்லாம் அருகில் தாழ்குரலில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.