கிளிக்கர் பிரஸ்ஸும் வெட்டும் டைகளும்: கோட்டையூர்ப் பட்டறையில் ஒன்பது ஆண்டுகள்

செட்டிநாட்டுக் கோட்டையூரில் உள்ள எங்கள் தோல் பட்டறையில் பைகள், பர்ஸ்கள், நாட்குறிப்பு உறைகள், செருப்பு வார்கள் ஆகியவற்றைச் செய்கிறோம். 2016 வரை அட்டை மாதிரியைத் தோலின் மீது வைத்துக் கத்தியால்தான் வெட்டினோம். அந்த ஆண்டு 20 டன் அழுத்தம் தரும் ஸ்விங் ஆர்ம் கிளிக்கர் பிரஸ் ஒன்றைப் பழைய இயந்திரமாக வாங்கினேன். பலகையில் விரித்த தோலின் மீது டையை வைத்து, பக்கவாட்டில் திரும்பும் கைபோன்ற தலையை மேலிருந்து இறக்கி அழுத்தி வெட்டும் இயந்திரம் அது. டை என்பது வெட்ட வேண்டிய வடிவத்தில் வளைத்த, கூர்முனை கொண்ட எஃகுப் பட்டை. இப்போது வாங்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எத்தனை டன் வேண்டும் என்பதைத்தான். டன் கணக்கைவிட, அடியில் கிடக்கும் பலகையும் தலை இறங்கும் ஆழமுமே வெட்டின் தரத்தையும் டையின் ஆயுளையும் முடிவு செய்கின்றன என்பது என் அனுபவம். தேவைப்படும் அழுத்தம் டை அடைத்துக்கொள்ளும் பரப்பைப் பொறுத்தது அன்று. அதன் கூர்முனையின் மொத்த நீளத்தையும் தோலின் தடிமனையும் இறுக்கத்தையும் பொறுத்தது. ஒரு பர்ஸ் டைக்கு எங்கள் இயந்திரத்தின் முழு வலு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

இயந்திரத்தின் எடை ஏறத்தாழ ஒரு டன். வாடகைக்கு எடுத்திருக்கும் பழைய வீட்டின் இரண்டாம் கட்டில் அதை நிறுத்த முதலில் எண்ணினோம். அங்கே பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் வார்த்தெடுக்கும் அந்தக் கல், ஒவ்வொரு வெட்டுக்கும் இறங்கும் அதிர்வைத் தாங்காது என்று கொத்தனார் சொன்னார். அவர் சொல்லை மதித்துப் பின்கட்டில் கான்கிரீட் மேடை போட்டு, மட்டம் பார்த்து, போல்ட் வைத்து இறுக்கினோம். மட்டம் பிசகினால் ஸ்விங் ஆர்ம் தானாகவே ஒரு பக்கம் நகரப் பார்க்கும் என்பதால், இந்த வேலையில் அவசரப்படாதது நல்லதாகப் போயிற்று.

முதல் ஆண்டில் பை மூடிக்கான டை ஒன்று, ஒரு பக்கம் மட்டும் அறுக்காமல் நூல் நூலாக இழை விட்டது. டை மழுங்கிவிட்டதென்று சாணை பிடிக்க அனுப்பினேன். திரும்பி வந்த பிறகும் அதே பக்கம் இழை விட்டது. ஆழத்தைச் சற்றுக் கூட்டினேன். இரண்டு நாள் சரியாக வெட்டிவிட்டு மீண்டும் பழைய நிலைக்கே வந்தது. கடைசியில் பலகையை அரைவட்டம் திருப்பிப் போட்டபோதுதான் காரணம் தெரிந்தது. கைக்கு எட்டும் முன்பகுதியிலேயே நாள்தோறும் வெட்டியதால் வெள்ளைப் பாலிபுரோப்பிலீன் பலகையில் அங்கே பள்ளம் விழுந்திருந்தது. ஆழத்தைக் கூட்டியதன் மூலம் அந்தப் பள்ளத்தை நானே பெரிதாக்கியிருந்தேன். டையில் குறையே இல்லை. அன்று முதல் தினமும் காலையில் பலகையைக் கால்வட்டம் திருப்புகிறோம், வாரம் ஒருமுறை புரட்டிப் போடுகிறோம், மேற்பரப்பு கரடாகும்போது இழைத்து மட்டமாக்குகிறோம். டையைத் தலையின் ஓரத்துக்குத் தள்ளி வெட்டுவது இதற்கு மாற்று வழி ஆகாது. ஓரச்சுமை, தலையைத் தாங்கும் தூணையும் அதைச் சுற்றியுள்ள புஷ்ஷையும் ஒருபக்கமாகத் தேய்த்துவிடும். டை தலையின் நடுவில் இருக்க, இடம் மாற வேண்டியது பலகைதான்.

ஆழத்தைச் சரிபார்க்கத் தோலுக்கும் பலகைக்கும் இடையே ஒரு தாளை வைக்கிறேன். தாள் முழுதாக அறுபட்டு, பலகையில் நகக்கீறல் போன்ற தடம் விழுந்தால் அதற்கு மேல் ஒரு நூலளவும் இறக்குவதில்லை.

டைகளை வாங்கும்போது உயரத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் ஒரு நல்ல டையைப் பலிகொடுத்தே தெரிந்துகொண்டேன். எங்களிடம் முதலில் 19 மில்லிமீட்டர் உயர டைகள் இருந்தன. பிறகு 32 மில்லிமீட்டரில் ஒன்று செய்து வந்தது. தலை இறங்கும் அளவை மாற்றாமல் அதை வைத்து அழுத்தியதில் முனை பலகைக்குள் ஆழமாக இறங்கி, மூலையில் இருந்த வெல்டிங் விட்டுப்போயிற்று. இப்போது நிலையான வடிவங்கள் அனைத்தும் 32 மில்லிமீட்டர் பட்டை எஃகில்தான் இருக்கின்றன. புது வடிவத்தைச் சோதித்துப் பார்க்க மட்டும் ஒட்டுப்பலகையில் மெல்லிய எஃகுத் தகடு பதித்த டையைச் செய்யச் சொல்கிறேன். அது மலிவு, ஆனால் தடித்த தோலில் நீண்ட நாள் நிற்பதில்லை.

செட்டிநாட்டில் இந்த வேலை செய்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பெரும்பாலும் திண்டுக்கல் பக்கமிருந்து வரும், மரப்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தாவரப் பதனீட்டுத் தோலைப் பயன்படுத்துகிறோம். ஈரம் ஏறிய அந்தத் தோலின் மீது இரும்பு டையைச் சற்று நேரம் விட்டுவிட்டால், எடுக்கும்போது விளிம்பைச் சுற்றி நீலக்கறுப்பாக ஒரு கோடு இருக்கும். பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கறுப்பதே காரணம். கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் எழுதும் மை காய்ச்சியது இதே வினையால்தான். மையில் அழகாக இருந்தது சாயமிடாத தோலில் கறையாகிறது. எலுமிச்சைச் சாற்றை நீர்விட்டுத் தடவினால் கறை வெளுக்கும், ஆனால் தோலின் நிறமும் அந்த இடத்தில் மாறும் என்பதால் நான் வரவிடாமல் தடுப்பதையே விரும்புகிறேன். தாவரத் துவர்ப்புக்குப் பதிலாகக் குரோமிய உப்பால் பதனிட்ட குரோம் தோலில் இந்தத் தொல்லை எங்களுக்கு வந்ததில்லை. மாலையில் டைகளைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெயை மெல்லப் பூசி, முனை எதிலும் படாதபடி ஆணியில் மாட்டுகிறோம். மறுநாள் நல்ல தோலில் வைப்பதற்கு முன் கழிவுத்துண்டில் இரண்டு முறை வெட்டி எண்ணெயைப் போக்கிவிடுகிறோம்.

சிறு பிசிறுகளை நானே எண்ணெய்க்கல்லால், டையின் வெளிச்சரிவில் மட்டும் தேய்த்து எடுக்கிறேன். உட்பக்கத்தைத் தேய்த்தால் துண்டின் அளவே மாறிவிடும். கண்ணுக்குத் தெரியும் பல்விழுந்த டை, செய்தவரிடமே போகிறது.

எண்ணெய் அழுத்தத்தால் தலையை இறக்கும் ஹைட்ராலிக் பகுதி நான் அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை. கையேட்டின்படி 68 தர ஹைட்ராலிக் எண்ணெய் ஊற்றி ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். நடுவில் அது பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். பெரிய ஆபத்து மின்சாரத்தில் வந்தது. தெருவில் கம்பி வேலை நடந்த ஒரு நாளுக்குப் பிறகு மூன்று ஃபேஸின் வரிசை மாறி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுழன்றது. தலை இறங்கவில்லை, பம்ப்பின் ஒலி மட்டும் மாறியிருந்தது. உடனே நிறுத்தியதால் பம்ப் தப்பியது. மறுவாரமே ஃபேஸ் வரிசை மாறினால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே ஒன்றைப் பொருத்தினோம்.

இரண்டு கைகளாலும் சேர்ந்து அழுத்தினால்தான் இறங்கும்படி அமைந்த பொத்தான்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இயந்திரம் எங்களிடம் வந்தபோது ஒரு பொத்தான் நிரந்தரமாக அழுத்திய நிலையில் டேப் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. முன்பு ஓட்டியவர் ஒரு கையால் தோலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வெட்டியிருக்க வேண்டும். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. வயரிங்கைப் பிரித்து இரண்டு பொத்தான்களையும் புதிதாக மாற்றிய பிறகே முதல் துண்டை வெட்டினோம். இப்போது தினமும் காலையில் ஒவ்வொரு பொத்தானையும் தனித்தனியே அழுத்தி, தலை அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே தோலைப் பலகையில் விரிக்கிறோம்.